ஒரே தொழிலை நம்பிய ஊர்: பலர்மோவிலிருந்து தேர்மினி வரை

பலர்மோவுக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தை முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் மொந்தே பெல்லக்ரீனோ மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். எங்களையும் அப்படித்தான் கூட்டிப் போனார்கள். ஏறத்தாழ 600 மீற்றர் உயரமான அந்த மலையின் குகைக் கோவிலில் சாந்தா ரோசாலியா இருக்கிறார். 1624 ஆம் ஆண்டு கொள்ளைநோய் நகரை வாட்டியபோது இந்த மலையில் அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன என்றும், அவற்றை ஊர்வலமாக எடுத்துச்சென்ற பின் நோய் தணிந்தது என்றும் இவ்வூர் மக்கள் நம்புகிறார்கள். கத்தோலிக்கர், சைவர் என்ற பேதம் பாராமல் எம்மவர் அங்கே ஏறிப்போய் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். செப்ரெம்பர் 4 ஆம் திகதி யாத்திரையில் சேலையும் பொட்டுமாக மலையேறும் எம் பெண்களை இத்தாலியர்கள் இப்போது புதினமாகப் பார்ப்பதில்லை.

சென்ற வருடம் ஒரு வியாழன் பிற்பகல் நாங்கள் மீண்டும் மலையேறினோம். வீட்டுவேலை செய்யும் எம்மவருக்கு வியாழன் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையுந்தான் சொந்த நேரம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. இறங்கி வரும் வழியில் ஒரு வளைவில் களைப்பாற நின்றோம். கீழே துறைமுகமும், அதற்கு வடக்கே அக்குவசாந்தா கரையோரத்தில் கப்பல் கட்டுந்தளமும், அங்கே வானளாவ நிற்கும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. எங்கள் மூத்தவனுக்கு வயது 13. மேதியாவில் கடைசி வருடம். அவன் கேட்டான்:

"அப்பா, அந்தக் கப்பல் துறையில வேலை செய்யிறதெண்டால் என்ன படிக்க வேணும்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பலர்மோவில் இத்தனை வருடம் இருந்தும், எந்தச் சந்தையில் எப்போது மீன் மலிவு என்று தெரியும்; எந்தத் தெருவில் எந்தச் சின்யோராவுக்கு ஆள் தேவை என்று தெரியும்; இந்த ஊரில் ஒரு பிள்ளை எப்படி ஒரு தொழிலுக்குப் போகிறது என்பது தெரியாது.

அந்தக் கேள்வி வந்த நேரமும் சரியான நேரந்தான். அதே கிழமை பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மேதியா முடிக்கும் பிள்ளை அடுத்து எந்தப் பாடசாலைக்குப் போவது நல்லது என்று ஆசிரியர்கள் எழுதிக்கொடுக்கும் ஆலோசனை அது. எங்கள் மகனுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி போதும் என்று எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டபோது, "வீட்டில் நீங்கள் இத்தாலிய மொழி பேசுவதில்லைத்தானே" என்றார்கள். கணக்கில் அவன் எடுத்த புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆசிரியர்கள் கெட்ட மனத்தோடு எழுதவில்லை என்றே நினைக்கிறோம். ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கப்பலை வெட்டி நீட்டிய துறை

முதலில் அந்தக் கப்பல் துறையைப் பற்றி விசாரித்தோம். 19 ஆம் நூற்றாண்டில் சிசிலியின் பெரும் செல்வந்தக் குடும்பமாக விளங்கியது புளோரியோ குடும்பம். கப்பல், வைன், சூரை மீன் என்று அவர்கள் கை வைக்காத வியாபாரமில்லை. அக்குடும்பத்தின் இஞ்ஞாட்சியோ புளோரியோ 1897 இல் இந்தத் துறையைத் தொடங்கினார். சில வருடங்களிலேயே அது அவர்கள் கையை விட்டுப் போனாலும் துறை மூடப்படவில்லை. இன்று அது பின்காந்தியேரி நிறுவனத்திடம் இருக்கிறது.

2014, 2015 ஆம் ஆண்டுகளில் இங்கே நடந்த ஒரு வேலையை அக்குவசாந்தாவில் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான்கு உல்லாசப் பயணக் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, நடுவால் இரண்டாக வெட்டி, இடையில் ஏறத்தாழ 24 மீற்றர் நீளமான புதுத் துண்டைப் பொருத்தி, மீண்டும் ஒட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். இதைக் கேட்ட எங்கள் மகன் இரண்டு நாள் அதே கதையாகத் திரிந்தான். ஒட்டுவேலைக்காரர், குழாய் பொருத்துபவர், மின்வேலைக்காரர், வரைபடம் கீறுபவர், பொறியியலாளர் எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒருவருடைய படிப்பு மற்றவருடைய படிப்பில் தங்கியிருக்கிறது.

ஆனால் அக்குவசாந்தாவில் வேறு பேச்சும் உண்டு. துறையில் வேலை நிறைந்திருந்தால் தெரு கலகலக்கும். கப்பல் வராத வருடம் கடைக்காரனுக்கும் கடன். இதைக் கேட்டபோது எங்களோடு வந்திருந்த அண்ணை ஒருவர், "உதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை" என்றார்.

அண்ணை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பொருத்துநராக இருந்தவர். 1950 இல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றும் எங்கள் பகுதிகளில் அரசு தொடங்கிய பெருந்தொழில்கள். 1990 இல் யுத்தத்தால் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டபோது அண்ணைக்கு 22 வயது. இப்போது பலர்மோவில் 91 வயதான ஓர் அம்மையாரைப் பராமரிக்கிறார்.

"ஒருநாள் தேர்மினிக்கு வாருங்கோ, காட்டுறன்," என்றார்.

தேர்மினி இமெரேசே

பலர்மோ மத்திய நிலையத்திலிருந்து தேர்மினி இமெரேசேக்குப் புகையிரதத்தில் அரைமணி நேரப் பயணம். இடப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் கடல் தெரியும். பகேரியா தாண்டியதும் எலுமிச்சைத் தோட்டங்கள், பிறகு தராபியா, பிறகு தேர்மினி. பின்னால் சான் கலோஜெரோ மலை சுவர்போல நிற்கிறது. மேலூர், கீழூர் என்று இரண்டாகப் பிரிந்த அழகான பழைய ஊர்.

இந்த ஊரின் பெயரிலேயே ஓர் அகதிக் கதை இருக்கிறது. அருகில் இமேரா என்ற கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. கி.மு. 409 இல் கார்த்தேஜ் படைகள் அதை அழித்தன. உயிர் தப்பியவர்கள் வெந்நீரூற்றுள்ள இந்த இடத்தில் வந்து குடியேறினார்கள். 'தேர்மினி' வெந்நீரைக் குறிப்பது. 'இமெரேசே' அவர்கள் விட்டுவந்த ஊரைக் குறிப்பது. இதைக் கேட்டதும் எங்களுக்கு இந்த ஊர்மேல் ஒரு பற்று வந்துவிட்டது.

ஊருக்குக் கிழக்கே, கடலுக்கும் மலைக்கும் இடையில், பியற் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. நிலையத்திலிருந்து அண்ணையின் சிநேகிதர் ஒருவர் தன் காரில் கூட்டிப்போனார். மதிலும், வாயிலும், வாகனமில்லாத பெரிய வாகனத் தரிப்பிடமும் பார்த்தோம். உள்ளே போகவில்லை.

1970 இல் திறந்த தொழிற்சாலை அது. முதலில் சின்னப் பியற் 500 கார், பிறகு 126, பாண்டா, பூந்தோ, கடைசியாக லான்சியா இப்சிலொன். 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 3,200 பேர் வேலை செய்தார்கள். அதைவிட உதிரிப்பாகம் செய்யும் சிறு தொழிற்சாலைகள், சிற்றுண்டிச்சாலைகள், பேருந்துகள். மீன்பிடியையும் தோட்டத்தையும் நம்பியிருந்த ஊர் ஒரே தலைமுறையில் கார் ஊராயிற்று. தகப்பன் பியற்றில், மகனும் பியற்றில். பெண் கொடுக்கிறவர்கள் "பியற்றில் வேலையோ?" என்று கேட்பார்களாம். எங்களூரில் "கோறணமேந்து உத்தியோகமோ?" என்று கேட்டது போலத்தான்.

2002 இல் நிறுவனம் நெருக்கடியில் விழுந்தபோது முதல் அடி. தொழிலாளரின் மனைவிமார் வீதிக்கு இறங்கிப் போராடியது இத்தாலி முழுவதும் பேசப்பட்டது. அப்போது தப்பிய தொழிற்சாலை பிறகு தப்பவில்லை. பாகங்கள் தூரத்திலிருந்து வரவேண்டியிருப்பதால் இங்கே கார் செய்வது செலவு கூடியது என்று நிர்வாகம் சொன்னது. 2011 நவம்பர் 24 ஆம் திகதி கடைசிக் கார் வெளியே வந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். காசா இந்தெக்ராட்சியோனே என்ற அரச உதவிப் பணத்தில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். பின்னர் புளூத்தெக் என்ற நிறுவனம் பொறுப்பெடுத்தது. 2019 இல் அதன் தலைமையில் இருந்தவர்கள் அரச நிதி தொடர்பான வழக்கில் கைதாகி, தொழிற்சாலை அரசு நியமித்த நிர்வாகிகளிடம் போயிற்று. 2024 இல் பெலிக்ரா என்ற அவுஸ்திரேலியக் குழுமத்திடம் அது கையளிக்கப்பட்டது. அதற்கிடையில் பலர் ஓய்வூதிய வயதை அடைந்துவிட்டார்கள்.

எங்களைக் கூட்டிப்போனவரும் அங்கே 19 வருடம் வேலை செய்தவர். கதவு பொருத்தும் இடத்தில் இருந்தாராம். "நல்லாகச் செய்தேன். ஆனால் அந்தக் கதவு அந்தத் தொழிற்சாலைக்கு வெளியே எங்கும் இல்லை," என்றார். மூடிய பின் பயிற்சி வகுப்புகளுக்கும் போனாராம். 45 வயதில், பக்கத்தில் வேறு தொழிற்சாலை இல்லாத இடத்தில், எதற்காகப் படிக்கிறோம் என்று வகுப்பிலிருந்த ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

திரும்பும்போது புகையிரதத்தில் அண்ணை எங்கள் மகனிடம் சொன்னார்: "தம்பி, பக்டரி மூடினால் சம்பளம் மட்டும் நிக்காது. கைப்பழக்கமும் நிண்டுபோகும். கையில பழகினதைக் கடதாசியிலயும் எழுதி வச்சிருந்தால், வேற ஊருக்குக் கொண்டுபோகலாம். நான் கையை மட்டுந்தான் கொண்டுவந்தனான்."

"பெரியப்பா, நீங்கள் இஞ்ச வந்து பொருத்துநர் வேலை தேடேல்லையோ?" என்று அவன் கேட்டான்.

"சேட்டிபிக்கற் கேட்டாங்கள். அது தொழிற்சாலைக் கந்தோரில கிடந்தது. கந்தோரே போட்டுது," என்றார் அண்ணை.

எமக்கும் ஒரே தொழில்

தேர்மினியைப் பார்த்து இரக்கப்பட்டு வந்த எங்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பலர்மோத் தமிழரும் ஒரே தொழிலை நம்பிய ஊர்தான். 1980களில் வந்தவர்கள் வீட்டுவேலையில் சேர்ந்தார்கள். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பலர் வதிவிட அனுமதி பெற்றார்கள். அவர்கள் பின்னால் வந்தவர்களுக்கும் அதே வேலையைத் தேடிக்கொடுத்தார்கள். அந்த வேலைதான் எம்மை வாழவைத்தது, ஊரில் வீடு கட்டியது, சகோதரிகளைக் கரைசேர்த்தது. அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் நாம் பராமரிக்கும் முதியவர் காலமானால் வேலை போகிறது. அந்த வீட்டிலேயே தங்கியிருந்தால் படுக்கையும் போகிறது. எமது தொழிற்சாலை ஒவ்வொரு வீடாக மூடப்படுகிறது. அதனால் செய்தித்தாளில் வருவதில்லை.

பிள்ளைகளும் இதே வேலைக்குத்தான் வரவேண்டுமா? வேண்டாமென்றால் எந்த வழி? விசாரித்து அறிந்தவற்றைப் புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, பெற்றோரின் அனுமதிப்பத்திரம் எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் உண்டு. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். 16 வயது வரை படிப்பு கட்டாயம்.

இரண்டாவது, மேதியா முடிந்தபின் மூன்று விதமான ஐந்தாண்டுப் பாடசாலைகள் உண்டு. லிச்சேயோ, தொழில்நுட்பப் பாடசாலையான தெக்னிக்கோ, தொழிற்பாடசாலையான புரொபெசியொனாலே. லிச்சேயோவுக்குப் போனால்தான் பல்கலைக்கழகம் என்று எம்மவரில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1969 டிசெம்பரில் வந்த சட்டத்திலிருந்து, எந்த ஐந்தாண்டுப் பாடசாலையில் மத்தூரித்தாப் பரீட்சை சித்தியடைந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரும்பு ஒட்டப் பழகிய பிள்ளை பொறியியல் படிக்கப் போகலாம். அதற்கு முன் அந்தக் கதவு தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பூட்டித்தான் இருந்தது.

மூன்றாவது, எங்கள் மகனுக்குச் சொல்லப்பட்ட மாகாணத் தொழிற்பயிற்சி வேறு. அது மூன்று வருடம். நான்காவது வருடமும் உண்டு. வேலைக்கு விரைவில் போகவேண்டிய பிள்ளைக்கு அது உதவும். ஆனால் மூன்று வருடச் சான்றிதழோடு நின்றால் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. பின்னர் புரொபெசியொனாலேயில் சேர்ந்து மத்தூரித்தா எடுக்க வழி உண்டு. ஆனால் தேடிப்போக வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் தரும் ஆலோசனை வெறும் ஆலோசனைதான், கட்டளையல்ல என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசித் தீர்மானம் பெற்றோருடையது.

நான்காவது, மத்தூரித்தா எடுத்தபின் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, ஐ.ரி.எஸ். எனப்படும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்களும் உண்டு. 2010 அளவில் தொடங்கியவை. 2022 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை விரிவாக்கியது. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு. தொழிற்சாலைகளும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. படிப்பு நேரத்தில் குறைந்தது 35 வீதம் வேலைத்தலத்தில் கழிகிறது. படிப்பிக்கும் நேரத்தில் பெரும்பகுதி தொழிலிலிருந்து வருபவர்களுடையது. கத்தானியாவில் கப்பல், போக்குவரத்துத் துறைக்கு அப்படி ஒன்று இருக்கிறது. 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு வருடத் தொழில்நுட்பப் படிப்பையும் இரண்டு வருட ஐ.ரி.எஸ். படிப்பையும் ஒன்றாக இணைத்த வழியும் சில பாடசாலைகளில் வந்திருக்கிறது.

வடக்கே மரனெல்லோ என்ற ஊரும் ஒரு கார்த் தொழிற்சாலையால் பெயர்பெற்றது. அங்கே பெராரி நிறுவனர் தம் இறந்த மகனின் பெயரால் தொழிற்பாடசாலை ஒன்றை வளர்த்தார். 2017 இல் அந்த மாகாணத்துப் பல்கலைக்கழகங்களும் வாகன நிறுவனங்களும் சேர்ந்து வாகனப் பொறியியல் படிப்பைத் தொடங்கின. அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பல தொழிற்சாலைகளும், பாடசாலைக்கு மேல் பல்கலைக்கழகமும் உண்டு. தேர்மினியில் தொழிற்சாலை மட்டும் இருந்தது. படிப்பு மட்டும் தொழிற்சாலையைக் காப்பாற்றியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் தொழிற்சாலை போனபின் மனிதனைக் காப்பாற்ற ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

எமது வேலைக்கும் ஏணி உண்டு

இனி ஒரு முக்கியமான விடயம். முதியவரைப் பராமரிக்கும் எமது வேலைக்கே படிப்படியான ஏணி இருக்கிறது. ஓ.எஸ்.எஸ். எனப்படும் சுகாதார உதவியாளர் பயிற்சி குறைந்தது 1,000 மணி நேரம். அந்தச் சான்றிதழோடு வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்குப் புரொபெசியொனாலேயில் சுகாதாரமும் சமூக உதவியும் என்ற பிரிவு உண்டு. அதில் மத்தூரித்தா எடுத்து, நுழைவுப் பரீட்சையில் தேறினால், மூன்று வருடத்தில் தாதியப் பட்டம். தாய் ஒரு வீட்டில் முதியவரைத் தூக்கி இருத்துகிறார்; மகள் வைத்தியசாலையில் தாதியாகலாம். தொழில் ஒன்றுதான், நிற்கும் படி வேறு.

பெரியவர்களுக்கும் பிந்திவிடவில்லை. சி.பி.ஐ.ஏ. எனப்படும் வளர்ந்தோர் கல்வி நிலையங்களில் இத்தாலிய மொழியும் மேதியாச் சான்றிதழும் பெறலாம். மாலை வகுப்பு நடத்தும் தெக்னிக்கோ, புரொபெசியொனாலே பாடசாலைகளும் உண்டு.

பணத்துக்குப் பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தின் 'இசே' வருமானக் கணக்கு 22,000 யூரோவுக்கு மேற்படாவிட்டால் அரச பல்கலைக்கழகத்தில் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து குறிப்பிட்ட அளவு பரீட்சைகளில் தேறிவர வேண்டும். 1806 இல் தொடங்கிய பலர்மோப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றை எர்சு என்ற நிறுவனம் கவனிக்கிறது. எம் குடும்பங்களில் பல இந்த எல்லைக்குள்தான் வரும். ஆனால் இசேக் கடதாசியை நேரத்துக்குச் செய்யாமல் விட்டால் பயனில்லை.

பாடசாலைத் தெரிவுக்கான விண்ணப்பம் சனவரி மாதத்தையொட்டி வரும். அது கணினி வழியே செய்வது. பிள்ளையிடமே விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போய்விடக்கூடாது. அதற்கு முன் பாடசாலைகள் திறந்த நாட்கள் வைத்துப் பெற்றோரை அழைக்கும். ஒரு வியாழனை அதற்கு ஒதுக்குங்கள்.

நாங்களும் போனோம். பலர்மோவில் 1789 இல் தொடங்கிய பழைய மாலுமிப் பாடசாலை ஒன்று உண்டு. ஜொயேனி தராபியா என்று பெயர். கப்பல் ஓட்டுவதையும் கப்பல் இயந்திரத்தையும் படிப்பிக்கும் தெக்னிக்கோ அது. எங்கள் மகன் அங்கிருந்த இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேறு ஒரு தெக்னிக்கோவில் இயந்திரவியற் பிரிவையும் பார்த்தான். தாய்க்கு லிச்சேயோ ஆசை இன்னும் போகவில்லை. தகப்பனுக்குக் கடல் என்றால் பயம். வீட்டில் சில நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இயந்திரவியல் என்று அவனே முடிவு சொன்னான். "கப்பலுக்கும் போகலாம், கரையிலயும் இருக்கலாம், பிறகு கம்பஸுக்கும் போகலாம்" என்பது அவன் கணக்கு. விண்ணப்பத்தை அனுப்பினோம். பாடசாலை ஆலோசனையில் இருந்தது வேறு. நாங்கள் எழுதியது வேறு. அவன் படித்து முடிப்பானா என்பது இனி அவன் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது.

அண்ணை இப்போது கிழமையில் மூன்று மாலை இத்தாலிய மொழி வகுப்புக்குப் போகிறார். ஓ.எஸ்.எஸ். பயிற்சிக்குப் பதியப்போகிறாராம். "இந்த வயசில சேட்டிபிக்கற் எடுத்தென்ன?" என்று யாரோ கேட்டதற்கு, "இந்த முறை கந்தோரில விடமாட்டன், வீட்டில வைப்பன்" என்றாராம்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். மலைக்குப் போங்கள், மெழுகுதிரி கொளுத்துங்கள். இறங்கி வரும்போது அந்த வளைவில் சற்று நின்று, கீழே தெரியும் துறைமுகத்தையும் பாரந்தூக்கிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், எங்களைப்போல் வெட்கப்படாமல் போய் விசாரியுங்கள்.